கட்டுவதற்கா, பூட்டி வைப்பதற்கா?

ரொறன்ரோ நகரில் வசிக்கும் எனது அக்காவின் மகன் சில வாரங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தான். வழமையாக இலங்கையின் அரசியல் நிலைவரம் பற்றியே என்னிடம் விசாரிப்பவன் அன்று முற்றிலும் வேறான ஒரு கேள்வியைக் கேட்டான். "மாமா, நான் ஒரு நல்ல மணிக்கூடு வாங்கப்போறன். ஒருக்கா வாங்கினால் சாகும்வரைக்கும் அதைத்தான் ஒவ்வொரு நாளும் கட்டவேணும். மூண்டைப் பார்த்து வைச்சிருக்கிறன். எதை வாங்கட்டும்?"

அவன் பார்த்துவைத்திருந்த மூன்றுமே சுவிற்சர்லாந்தில் தயாராகும் சுழியோடிக் கடிகாரங்கள். ஒன்று ரோலெக்ஸ் நிறுவனத்தின் சப்மரினர். மற்றையது ஒமேகாவின் சீமாஸ்டர் டைவர் 300எம். மூன்றாவது டியூடர் நிறுவனத்தின் பிளாக் பே 58. மருமகனுக்கு நீந்தத் தெரியும், சுழியோடத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் அவனுக்கு இல்லை.

மூன்று தசாப்தங்களாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்து அரசியலமைப்புத் திருத்தங்கள், தேர்தல்கள், பேச்சுவார்த்தைகள் என்று எழுதிக் குவித்த நான் கைக்கடிகாரம் பற்றி ஒரு வரி தானும் எழுதியதில்லை. ஆனாலும், தொழில் பழக்கம் விடவில்லை. உடனடியாகப் பதில் சொல்லாமல் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்துப் பார்த்தேன். வாசிக்க வாசிக்க, மூன்று பெயர்களில் ஒன்றைத் தெரிவுசெய்வதைவிடவும் பெரிய ஒரு கேள்வி இதற்குள் இருக்கிறது என்று தோன்றியது. அதனாலேயே அவனுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நீர் புகாத கைக்கடிகாரத்தின் வரலாற்றில் பத்திரிகைக்கும் ஒரு பங்குண்டு. ரோலெக்ஸ் நிறுவனத்தை ஸ்தாபித்த ஹான்ஸ் வில்ஸ்டோர்ப் 1926 ஆம் ஆண்டில் 'ஒயிஸ்டர்' என்ற நீர் புகாத கூட்டை அறிமுகம் செய்தார். மறுவருடம் ஒக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து, அவ்வாறு கடந்த முதல் பிரிட்டிஷ் பெண்மணி என்ற பெயரைப் பெற்றார். வேறொருவர் தானும் கடந்ததாகப் பொய்யுரைத்ததால் கிளைட்ஸின் சாதனை மீதும் சந்தேகம் கிளப்பப்பட்டது. அதனால் அதே மாதத்தில் அவர் மீண்டும் நீரில் இறங்கினார். அந்தத் தடவை கழுத்தில் ஒரு ஒயிஸ்டர் கடிகாரம் தொங்கியது. கடுங்குளிர் காரணமாக பத்து மணித்தியாலங்களுக்கும் அதிகமான நேரத்துக்குப் பிறகு அவரைப் படகில் தூக்கிவிட்டார்கள். அவர் கரைசேரவில்லை, ஆனால், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நவம்பரில் இலண்டன் 'டெய்லி மெயில்' பத்திரிகையின் முதற்பக்கத்தை வில்ஸ்டோர்ப் விலைக்கு வாங்கி அதை உலகறியச் செய்தார். இன்று நாம் காணும் விளம்பர உலகம் அப்போதே தயாராகிவிட்டது எனலாம்.

எனினும், இன்று நாம் அறிந்த வடிவிலான நவீன சுழியோடிக் கடிகாரம் உருவாவதற்கு 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிளாங்பான் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜோன் ஜாக் ஃபியெக்டர் தானே ஒரு சுழியோடி. பிரெஞ்சுக் கடற்படையின் சுழியோடிப் படைப்பிரிவுக்கும் அவ்வாறான ஒரு கருவி தேவைப்பட்டது. 'ஐம்பது பாகம்' என்ற பொருளில் அந்தக் கடிகாரத்துக்கு 'ஃபிஃப்டி ஃபதம்ஸ்' என்று பெயரிட்டார்கள். எமது கரையோர மக்கள் இரு கைகளையும் விரித்து கடலின் ஆழத்தை அளக்கும் அதே பாகம் தான். ஐம்பது பாகம் என்பது ஏறத்தாழ 91 மீற்றர். அதே காலகட்டத்தில் ரோலெக்ஸ் தயாரித்த சப்மரினர் 1954 ஆம் ஆண்டு பாசல் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஒமேகாவின் சீமாஸ்டர் 300 1957 இல் வந்தது.

அந்தக் கடிகாரங்களின் அழகு எதுவும் அழகுக்காக வந்ததல்ல என்பது கவனிக்கப்படவேண்டிய விடயம். முகப்பைச் சுற்றியிருக்கும் சுழலும் வளையம் சுழியோடி நீருக்குள் இருந்த நேரத்தைக் காட்டுவதற்கானது. இன்றைய சுழியோடிக் கடிகாரங்களில் அது ஒரு திசையில் மாத்திரமே திரும்பும். தற்செயலாக எங்காவது இடிபட்டுத் திரும்பினாலும் கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமேயன்றி குறைத்துக் காட்டாது. சுழியோடி உரிய நேரத்துக்கு முன்னதாக மேலே வருவாரே தவிர, காற்றுத் தீர்ந்து நீருக்குள் நிற்கமாட்டார். தவறு நேர்ந்தாலும் அது உயிரைக் காக்கும் பக்கமாகவே நேரட்டும் என்ற சிந்தனை எமது அரசியல்வாதிகளுக்கும் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்.

சுழியோடிக் கடிகாரம் என்று சொல்லிக்கொள்வதற்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்ற சர்வதேச நியமம் ஒன்றும் உண்டு. குறைந்தது 100 மீற்றர் ஆழத்தைத் தாங்கவேண்டும். குறிப்பிட்ட ஆழத்துக்குரிய அழுத்தத்தை விடவும் 25 சதவீதம் கூடுதலான அழுத்தத்தில் சோதிக்கப்படவேண்டும். இருளில் 25 சென்ரிமீற்றர் தொலைவில் நேரம் தெரியவேண்டும். உப்புநீரையும் அதிர்ச்சியையும் காந்தத்தையும் தாங்கவேண்டும் என்று அது விதிக்கிறது.

ஆனால், இவற்றையெல்லாம் காலம் கடந்து சென்றுவிட்டது. 1969 டிசெம்பர் 25 ஆம் திகதி ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டதைத் தொடர்ந்து, நேரத்தைத் துல்லியமாகக் காட்டுவதில் சக்கரங்களும் வில்லும் கொண்ட இயந்திரக் கடிகாரம் தோற்றுப்போனது. சுழியோடிகளும் 1980 களுக்குப் பிறகு ஆழத்தையும் நேரத்தையும் தானே கணிக்கின்ற கணினிக் கருவிகளுக்கு மாறினார்கள். பன்னிரண்டாயிரம் ரூபாவுக்கு வாங்கக்கூடிய ஒரு குவாட்ஸ் கடிகாரம் பல ஆயிரம் டொலர் பெறுமதியான சப்மரினரை விடவும் சரியாக நேரம் காட்டும் என்பதே உண்மை. நேரம் பார்ப்பதற்காக மாத்திரம் என்றால் மருமகன் கைத்தொலைபேசியைப் பார்த்தாலே போதுமானது.

அப்படியானால், சுழியோடத் தெரியாதவன் எதற்காகச் சுழியோடிக் கடிகாரம் வாங்கவேண்டும்? இந்தக் கேள்விக்கு என்னிடம் சொந்த அனுபவத்தில் இருந்து ஒரு பதில் இருக்கிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்துக்கு அனுமதி கிடைத்தபோது அப்பா தனது கையில் இருந்த கடிகாரத்தைக் கழற்றி எனக்குக் கட்டிவிட்டார். அவர் எழுதுவினைஞராக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாங்கியது. 1994 ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலை கிடைத்து, கிளாலிக் கடலேரியூடாகப் புறப்பட்டேன். அந்தப் பாதையால் பயணம் செய்தவர்களுக்கு நான் எதையும் விளக்கவேண்டியதில்லை. விளக்கு இல்லாத இரவில், இடுப்புக்கு மேலான நீரில் பையைத் தலையில் தூக்கியவாறு நடந்து வள்ளத்தில் ஏறினோம். ஏறும்போது சமநிலை தவறி ஒருதடவை முழுவதுமாக நீருக்குள் போய் வந்தேன். சான்றிதழ்கள் இருந்த பையை அருகில் நின்றவர் பிடித்துக்கொண்டார். மறுகரையில் பொழுது விடிந்தபோது கடிகாரத்தின் கண்ணாடி உள்ளே வியர்த்திருந்தது. முள்கள் நின்றுவிட்டன. கொழும்பில் அதைத் திறந்து பார்த்த திருத்துநர், உப்பு எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று சொல்லி மூடித் தந்தார். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே சுழியோட்டம் அதுதான்; அதற்குரிய கடிகாரம் என் கையில் இருக்கவில்லை.

எல்லோரும் கடலேரி கடக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால், நாற்பது ஐம்பது வருடங்கள் ஒரு பொருளைக் கையில் கட்டியிருப்பதென்றால், அந்தக் காலத்தில் மழை வரும்; கிணற்றடி வரும்; குழந்தையைக் குளிப்பாட்டவேண்டி வரும்; எதிர்பாராத நீரும் வரும். திருகி மூடும் சாவிக் குமிழும், தடித்த உருக்குக் கூடும், இருளில் தெரியும் முள்களும் கொண்ட சுழியோடிக் கடிகாரம் அன்றாட வாழ்வுக்கு மிகவும் பொருத்தமானது என்று நான் கருதுவதற்குக் காரணம் அதுவே. அந்த வகையில் மருமகனின் தெரிவு சரியானது. மூன்றில் எது என்பது தான் மிகுதிக் கேள்வி.

தகவல்களைப் பார்ப்போம். 2020 ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்ட சப்மரினர் 41 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. 300 மீற்றர் ஆழம் தாங்கும். கழற்றி வைத்தாலும் ஏறத்தாழ 70 மணித்தியாலம் ஓடும். நாளொன்றுக்கு இரண்டு செக்கனுக்கு மேல் பிசகாது என்று நிறுவனம் உறுதியளிக்கிறது. 2018 இல் புதுப்பிக்கப்பட்ட சீமாஸ்டர் 42 மில்லிமீற்றர். அதுவும் 300 மீற்றர் தாங்கும். 55 மணித்தியாலம் ஓடும். 15,000 காஸ் வலிமையுள்ள காந்தப்புலத்தையும் தாங்கும். அதே 2018 இல் அறிமுகமான பிளாக் பே 58 இன் விட்டம் 39 மில்லிமீற்றர். தாங்கும் ஆழம் 200 மீற்றர். ஓடும் நேரம் 70 மணித்தியாலம். விலையைப் பொறுத்தவரை, அண்மைய ஆண்டுகளில் அமெரிக்காவில் சப்மரினர் 9,000 டொலருக்கு மேல், சீமாஸ்டர் 6,000 டொலரைச் சுற்றி, பிளாக் பே 4,000 டொலரைச் சுற்றி என்று சொல்லலாம்.

இவற்றில் சில தகவல்கள் அன்றாட வாழ்வுக்குப் பயனற்றவை. சீமாஸ்டரில் ஹீலியம் வாயு வெளியேறுவதற்கு ஒரு தனித் திருகு உண்டு. கடலடியில் நாட்கணக்கில் அழுத்த அறைகளில் தங்கி வேலை செய்வோரின் கடிகாரத்துக்குள் நுழையும் ஹீலியம், அவர்கள் மேலே வரும்போது கண்ணாடியைப் பிடுங்கி எறியாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. ரொறன்ரோ அலுவலகத்தில் அதற்கு வேலை இல்லை. ஆனால், காந்தம் தாங்கும் தன்மைக்கு வேலை உண்டு. மடிக்கணினியின் மூடியிலும் கைத்தொலைபேசியின் உறையிலும் கைப்பையின் பூட்டிலும் இன்று காந்தம் இருக்கிறது. இக்காலத்தில் இயந்திரக் கடிகாரத்தின் பெரிய எதிரி கடல் அல்ல, மேசையில் இருக்கும் காந்தமே. இந்த விடயத்தில் ஒமேகா முன்னிற்கிறது. மெலிந்த மணிக்கட்டில் நாள் முழுவதும் உறுத்தாமல் சட்டைக் கைக்குள் அடங்குவதில் டியூடர் முன்னிற்கிறது. எல்லாவற்றிலும் சற்று நேர்த்தியானது, பழுதில்லாதது என்று பார்த்தால் சப்மரினர். தரத்தில் மூன்றுக்கும் இடையிலான வித்தியாசம் விலையில் உள்ள வித்தியாசத்துக்கு ஈடானதல்ல என்பது எனது அபிப்பிராயம்.

அப்படியென்றால் விலையின் மிகுதி எதற்காக? இங்கே தான் விடயம் சிக்கலாகிறது. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை தனது சுழியோடிகளுக்கு ஒமேகாவையும் ரோலெக்ஸையும், பிரெஞ்சுக் கடற்படை டியூடரையும் களஞ்சியத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தன. அவை சம்மட்டி போல, கயிறு போல ஒரு கருவி. இன்று சப்மரினர் வாங்குவதற்கு முகவரிடம் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். 2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் கைமாறிய சந்தையில் அதன் விலை கடை விலையை விட வெகுதூரம் மேலேறி, பின்னர் இறங்கியது. அதே வருடம் டிசெம்பரில் ரோலெக்ஸ் நிறுவனமே பாவித்த கடிகாரங்களுக்குச் சான்றிதழ் கொடுத்து, முகவர்கள் மூலம் விற்கும் திட்டத்தை ஆரம்பித்தது. கருவி பங்குப் பத்திரமாகிவிட்டது. பங்குப் பத்திரத்தை எவரும் கட்டிக்கொண்டு கிணற்றில் தண்ணீர் அள்ளுவதில்லை. கீறல் விழுந்தால் விலை குறையுமே என்று அஞ்சி அதன் உருக்குப் பட்டியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாளைக் கூடக் கழற்றாமல் இரும்புப் பெட்டிக்குள் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இலண்டன் போன்ற நகரங்களில் மணிக்கட்டைக் குறிவைக்கும் கொள்ளைகள் செய்தியாகிய பின்னர் வெளியே கட்டிச் செல்லத் தயங்குவோரும் உண்டு.

இதற்கு ஒரு மறுவாதம் உண்டு. அதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். "மாமா, விலை போகிற பொருளாய் இருந்தால் அவசரத்துக்கு உதவுந்தானே" என்று மருமகன் சொன்னான். அவனது தாயார் 1995 ஒக்டோபர் 30 வலிகாமத்தில் இருந்து இடம்பெயர்ந்து சென்றபோது கையில் இருந்த காப்புகளை விற்றுத்தான் மூன்று மாதங்கள் சீவித்தார். அடைவு வைத்த நகையில் படித்த தலைமுறை எங்களுடையது. உடலில் அணிந்து செல்லக்கூடிய பெறுமதி எத்தகைய ஆறுதலைத் தரும் என்பதை எமது மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

ஆனால், எமது பெண்கள் தங்கத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். பெட்டியில் கிடப்பது ஒன்று. கழுத்தில் கிடப்பது இன்னொன்று. அட்டியலும் பதக்கம் சங்கிலியும் திருமணங்களுக்கு வெளியே வந்து மீண்டும் பெட்டிக்குள் போகும். தாலிக்கொடி அடுப்படியிலும் கிணற்றடியிலும் கழுத்திலேயே கிடந்து தேயும். தேய்ந்த தாலிக்கொடியின் இன்றைய சந்தை விலை என்ன என்று எந்தப் பெண்ணும் காலையில் எழுந்து கணக்குப் பார்ப்பதில்லை. மருமகன் கேட்டது ஒவ்வொரு நாளும் கட்டுவதற்கான கடிகாரம். அதற்கு விதி தாலிக்கொடியின் விதியே தவிர அட்டியலின் விதி அல்ல. ஒரே பொருள் இரண்டு வேலையையும் செய்யவேண்டும் என்று எதிர்பார்த்தால் இரண்டும் நடக்காது.

வாழ்நாள் என்ற சொல்லையும் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். நீர் புகாமை என்பது கடிகாரத்துக்கு நிரந்தரமாக வழங்கப்பட்ட வரம் அல்ல. கூட்டுக்குள் இருக்கும் இறப்பர் வளையங்கள் வருடங்கள் செல்லச்செல்ல இறுகிப்போகும். ரோலெக்ஸ் பத்து வருடங்களுக்கு ஒருதடவையளவில் கழற்றிச் சுத்தம் செய்யுமாறு ஆலோசனை கூறுகிறது. நாற்பது வருடங்களுக்கு நான்கு தடவைகள். ஒவ்வொரு தடவையும் பல நூறு டொலர்கள். அதைவிடவும் முக்கியமான பிரச்சினை உதிரிப்பாகம். முன்னர் யாழ்ப்பாணம் பெரியகடையில் கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு அமர்ந்திருந்த திருத்துநர் எந்தக் கடிகாரத்தையும் திறந்தார். இன்று சுவிஸ் பெருநிறுவனங்கள் பல, உதிரிப்பாகங்களை தங்கள் அங்கீகாரம் பெற்ற நிலையங்களுக்கு மட்டுப்படுத்தியிருக்கின்றன. எனவே, வாங்கமுன்னர் முகப்பின் நிறத்தைப் பார்ப்பதைவிட, நீ வாழும் ஊரில் அதைத் திறக்கக்கூடியவர் யார், எவ்வளவு கேட்பார் என்று விசாரிப்பதே புத்தி.

இவ்வளவையும் வைத்து நான் வந்தடைந்த முடிவு இதுதான்: தொலைந்தால் இரண்டாவது தடவை வாங்க முடியாத கடிகாரத்தை, தினமும் கட்டுவதற்கென்று முதல் தடவையும் வாங்காதே. மாதச் சம்பளத்தில் வீட்டுக்கடன் கட்டும் மருமகனைப் போன்றவர்களுக்கு அந்த விதியின்படி பிளாக் பே 58 பொருத்தமானது. அதன் வளையத்தில் உள்ள அலுமினியத் தகடு செரமிக் போலன்றி கீறுப்படும், வெளிறும், அது குறையல்ல. பெரிய மணிக்கட்டுக் கொண்டவர்களும் காந்தங்களுக்கு மத்தியில் வேலை செய்பவர்களும் சீமாஸ்டரை வாங்கலாம். சப்மரினரை அதன் சந்தை விலையை ஒருபோதும் விசாரிக்காதவர் வாங்கட்டும். அத்தகையவர் கையில் அது மீண்டும் கருவியாகிவிடும். கடற்படையினர் கட்டிக் கீறி அடிபட்ட பழைய சப்மரினர்களே இன்று ஏலங்களில் ஒரு இலட்சம் டொலருக்கும் அதிகமாக விலைபோகின்றன என்பது இதில் உள்ள வேடிக்கை.

அப்பாவின் கடிகாரத்துக்கு நேர்ந்த கதியை நான் மூன்று வருடங்களாக அவரிடம் சொல்லவில்லை. கடிதங்களில் எழுதவும் துணியவில்லை. அவருடைய இளமைக் காலத்தின் ஒரே ஆடம்பரத்தை ஒரு நிமிடத்தில் தொலைத்துவிட்டேனே என்ற குற்றவுணர்வு. 1997 இல் அவர் கொழும்புக்கு வந்தபோது எனது வெறும் மணிக்கட்டைப் பார்த்து அவராகவே கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "கட்டத்தானே தந்தனான், பூட்டி வைக்கவே தந்தனான்?"

மருமகனிடமும் அதைத்தான் சொன்னேன். அவன் இன்னமும் தீர்மானிக்கவில்லை. சப்மரினரில் இருந்து மனதை எடுக்க முடியவில்லை என்று போன வாரமும் சொன்னான். அது அவனுடைய உழைப்பு, அவனுடைய கை. எதை வாங்கினாலும் சாவிக் குமிழை இறுகத் திருகி மூடிவிட்டதா என்று பார்த்துக்கொள், வருடத்துக்கு ஒருதடவை நீர் புகாமையைச் சோதித்துக்கொள் என்று மாத்திரம் கூறினேன். அடுத்த வருடம் ஊருக்கு வரும்போது கிணற்றடியில் அதைக் கழற்றிவைத்துவிட்டுக் குளிப்பானாகில், தவறான கடிகாரத்தை வாங்கிவிட்டான் என்று நான் விளங்கிக்கொள்வேன்.